எதிராளியின் கொப்பி

“உங்களுக்கு வந்த கொப்பி இருக்கோ அக்கா?” என்று அந்த மனிசி கேட்டபோது அம்மா எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குந்தியிருந்து ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஓராவின் முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் ஒரு பகல் முழுக்கக் கடுக்கும். கவனம் பிசகாமல் வெட்டவேண்டிய மீன் அது. அம்மாவின் கை நிற்கவில்லை. முள்ளை ஒட்ட நறுக்கி, குடலை வழித்துப் பூனைக்கு எறிந்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே “எந்தக் கொப்பி?” என்று கேட்டார். “கோட்டுத் தீர்ப்பக்கா. விவாகரத்துக் கடதாசி. உங்களுக்கும் ஒண்டு அனுப்பினவை எண்டு இவர் சொன்னவர்.” அம்மா அடுத்த மீனை எடுத்து வயிற்றைக் கீறினார். “ஓம், இருக்கு. எங்கையோ வைச்சிட்டன். தேடி எடுத்துத் தாறன், பிறகொருநாள் வாங்கோ தங்கச்சி” என்றார். அந்த நிமிஷம் வரைக்கும் தனக்கு விவாகரத்து ஆகிவிட்டது என்பதே அம்மாவுக்குத் தெரியாது.

வந்தவர் என் அப்பாவின் இரண்டாவது மனைவி. முறைக்கு எனக்குச் சின்னம்மா. நானாட்டானில் வயலும் உழவு மெஷினும் உள்ள குடும்பத்துப் பெண். அம்மாவின் முன்னால் அவரைச் சின்னம்மா என்று சொன்னால் கையில் இருக்கிறது பறந்து வரும், ஆகவே வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது, “நானாட்டான்” என்றால் போதும். அப்பா அங்கே ஒரு குடும்பம் வைத்திருக்கிறார் என்பது எங்களுக்கு இந்தியாவில் இருக்கும்போதே தெரியும். சண்டை முடிந்து, அகதி முகாமை விட்டு மன்னாருக்குத் திரும்பி வந்தபோது அம்மா தாலியோடுதான் வந்தார். நானாட்டானுக்குப் போய்ச் சண்டை பிடிக்கச் சொல்லி உறவுக்காரர் உசுப்பேற்றினார்கள். அம்மா அசையவில்லை. “தாலி என்ர கழுத்தில, பேர் கோயில் புத்தகத்தில. அவ அங்க சமைச்சுப் போடட்டும், எனக்குச் சமையல் மிச்சம்” என்பார். கட்டினவள் தான், மற்றவள் வைத்திருக்கிறவள். இந்த ஒரு நினைப்பில்தான் அம்மா அத்தனை வருஷமும் நிமிர்ந்து நடந்தார்.

சின்னம்மாவுக்கு அந்தக் கடதாசி ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கும் அவருக்கும் நடந்தது பதிவாளரிடம் கையெழுத்து வைத்த எழுத்துக் கலியாணம். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் நடக்கவில்லை. கோயிலைப் பொறுத்தவரை அப்பாவின் மனைவி என் அம்மாதான். அதனால் கலியாணமான நாளிலிருந்து சின்னம்மாவுக்குப் பூசையில் நன்மை வாங்க, நற்கருணை அப்பத்தை நாவில் ஏற்க, அனுமதி இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போவார், கடைசி வாங்குப் பலகையில் இருப்பார், எல்லோரும் எழுந்து நன்மை வாங்கப் போகும்போது முழங்காலில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய பிள்ளைகளின் முதல்நன்மைக்குக்கூட அப்படித்தான் நின்றாராம். இப்போது அப்பாவுக்குச் சீனி வருத்தம் முற்றி ஒரு காலை எடுத்தாயிற்று, சிறுநீரகமும் போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதர் கண் மூடுவதற்குள் ஒருதரமாவது அவரோடு சேர்ந்து முறையாகக் கோயிலில் நிற்கவேண்டும், நன்மை வாங்கவேண்டும் என்பது சின்னம்மாவின் ஆசை. முதற் கலியாணம் செல்லுமா செல்லாதா என்று ஆயர் இல்லத்தில் விசாரிப்பார்கள், ஆனால் கோட்டுத் தீர்ப்பு இல்லாமல் விசாரணையைத் தொடங்கவே மாட்டார்கள் என்று பங்குச் சுவாமி சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் இருந்த கொப்பி எந்தக் காலத்திலோ தொலைந்துபோயிற்று. வழக்குப் பேசிய சட்டத்தரணி கனடாவில். புதிதாக விண்ணப்பிக்க அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், போடமாட்டேன் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். “முந்தினவளிட்ட ஒண்டு இருக்கும், போய்க் கேள்” என்று அனுப்பிவிட்டிருக்கிறார். கட்டினவளுக்குச் செய்ததைக் கட்டினவளிடமே கேட்டு வாங்கச் சொல்லிப் பின்னால் வந்தவளை அனுப்புகிற துணிவு என் அப்பாவுக்குத்தான் வரும்.

அன்றைக்குச் சின்னம்மா போன பிறகு அம்மா மீனைக் கழுவி, கறியை வைத்து இறக்கி, எனக்குச் சோறு போட்டுத் தந்தார். நான் சாப்பிட்டுக் கை கழுவி வந்து இருந்ததும், “அதென்ன பிள்ளை, எனக்குச் சொல்லாமல் என்னைக் கழட்டி விடலாமோ?” என்று கேட்டார். என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு மன்னார் ரவுணில் கோட்டுக்குக் கிட்ட ஒரு போட்டோக் கொப்பிக் கடை. வழக்குக்கு வருகிற சனம் முக்கால்வாசி என் கடைக்குள் நுழைந்துதான் போகும். தாபரிப்பு, பிள்ளைப் பொறுப்பு, விவாகரத்து என்று ஊரின் குடும்பங்கள் எல்லாம் என் மெஷினின் கண்ணாடியில் குப்புறக் கிடந்து எழும்பியிருக்கின்றன. அழுகிறவர்களுக்குத் தண்ணீரும் கொடுத்து, விண்ணப்பமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கடதாசியை எந்த யன்னலில் கேட்கவேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். என் வீட்டுக்குள்ளேயே ஒரு வழக்கு இருந்ததுதான் தெரியாமல் போயிற்று.

“அறிவித்தல் குடுத்துத்தான் செய்யவேணும் அம்மா. உங்களுக்கு அறிவித்தல் வந்திருக்கவேணும்” என்றேன். “எங்க வந்தது? முகாமுக்கு வந்ததோ? பூவரசுக்குக் கீழ நிண்டு தபால்காரன் பேர் வாசிக்கேக்க ஒரு நாள் தவறாமல் போய் நிண்டனான். உன்ர அப்பாவிட்ட இருந்து ஏதும் வருமெண்டு” என்றார். பிறகு, “எனக்கு அந்தக் கடதாசியைப் பாக்கவேணும்” என்றார். அப்படித்தான் நாங்கள் தேடத் தொடங்கினோம்.

குடும்ப வழக்கின் கோப்பைக் கண்டவர் நின்றவருக்கெல்லாம் கொடுக்கமாட்டார்கள். வழக்காளி கேட்கலாம், எதிராளி கேட்கலாம், இல்லையென்றால் அவர்களுக்காகச் சட்டத்தரணி கேட்கலாம். அம்மா எதிராளி. விண்ணப்பத்தில் நான் அப்படி எழுதியதும் அம்மாவுக்கு வந்ததே கோபம். “நான் ஆருக்கு எதிராளி? ஆரோட நான் வழக்குக்குப் போனனான்?” என்று நீதிமன்ற வாசலில் நின்று சத்தம் போட்டார். அந்தச் சொல் சட்டத்தில் அப்படித்தான் என்று நான் சமாதானம் சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். வழக்கு இலக்கம் தெரியாது, எந்த ஆண்டு என்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அப்பாவின் பெயர் மட்டுந்தான். எங்கள் கரையோரத்தில் பெயரை வைத்து ஒரு மனிதரைத் தேடுவது லேசான காரியம் இல்லை. பிள்ளை பிறந்ததும் ஊர்க்கோயிலின் அர்ச்சியசிட்டர் எந்தப் புனிதரோ அவருடைய பெயரைச் சூட்டிவிடுவார்கள். சந்தையில் நின்று “அந்தோனி” என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும். அப்பாவின் பெயரிலும் அவருடைய தகப்பன் பெயரிலும் ஒரே மாதிரி எத்தனையோ பேர் ஏதேதோ வழக்குகளில் இருந்தார்கள். காணி வழக்கு, வலை வெட்டின வழக்கு, அடிதடி. கந்தோரில் இருந்தவர் பொறுமைசாலி. “எதிராளியின்ர பேரைச் சொல்லுங்கோ அம்மா, அதை வைச்சுப் பாப்பம்” என்றார். அம்மா தன்னுடைய முழுப்பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை முழுதாக அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். போனோம். பிறகும் வரச் சொன்னார்கள். அதற்கும் போனோம். மூலை கறையான் அரித்து, குண்டூசி துருப்பிடித்துக் கடதாசியோடு ஒட்டிப்போன ஒரு மெல்லிய கோப்பாக அது கடைசியில் வந்தது. இத்தனை வருஷத்து நிமிர்வை வெட்டி விழுத்தின வழக்கு ஒரு கலியாண அழைப்பிதழின் தடிப்புக்கூட இல்லை. பிரதி எடுத்து, சரிபார்த்து, முத்திரை குத்திக் கையில் தந்தார்கள். அம்மா அதை முந்தானையால் மூடிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கடைக் கதவைப் பாதி சாத்தச் சொன்னார். “நீ வாசி, நான் கேக்கிறன்” என்றார்.

நான் வாசித்தேன். வழக்காளி சத்தியம் செய்து சொல்கிறார். தன் மனைவி தன்னுடைய சம்மதம் இல்லாமல், தன்னை விட்டுப் பிரியும் எண்ணத்தோடு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரும் நோக்கம் அவருக்கு இல்லை. அவருடைய கடைசி விலாசம் இன்னது. அந்த விலாசம் கடற்கரையில் இருந்த எங்களுடைய பழைய வீடு. அறிவித்தலை அங்கே கொண்டுபோய், வாங்க ஆள் இல்லாதபடியால் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். எதிராளி வரவில்லை. ஆகவே வழக்காளி கேட்டபடியே தீர்ப்பு. அம்மா அந்த இடத்தில் என்னை நிறுத்தினார். “ஒட்டேக்க ஊருக்குள்ள ஆர் இருந்தது?” என்றார். ஒருவரும் இல்லை. எங்கள் ஊர்ச் சனம் முழுக்க இந்தியாவுக்கும் மடுக் கோயிலுக்கும் ஓடி, வேலியெல்லாம் சரிந்து, வீடுகளுக்குள் எருக்கலை முளைத்துக் கிடந்த காலம் அது. அது அப்பாவுக்குத் தெரியாததல்ல, அவரும் அந்த ஊரை விட்டு ஓடினவர்தானே. “ஒருத்தரும் இல்லையம்மா.” “கழுதை நிண்டிருக்கும்” என்றார் அம்மா. “கழுதை வாசிச்சிருக்கும்.” சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சம்மதம் இல்லாமல் போனாராம். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. சின்னப் பிள்ளைதான், ஆனாலும் நினைவிருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு, இந்தியாவுக்குப் போகிற போட் வரை நடந்து வந்தவர் அப்பா. அவருடைய கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் இறங்கமாட்டேன் என்று கத்தினேன். விரல் விரலாகப் பிரித்து என்னை அம்மாவின் மடியில் வைத்தார். “அடுத்த போட்டில வாறன், போய் இருங்கோ” என்றார். அம்மா போகமாட்டேன் என்று அழுததும், “போ எண்டாப் போ, குமர்ப் பிள்ளையள் மாதிரி அழாத” என்று அவர் அதட்டியதும் போட்டில் இருந்த எல்லோரும் பார்த்தது. அந்த மனிதர்தான் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறார். அவர் ஏன் கையெழுத்துப் போட மறுத்தார் என்பது இப்போது விளங்கிற்று. கோப்பை மறுபடி திறந்தால் பொய்ச்சாட்சி என்று யாரும் பிடிப்பார்களோ என்ற பயம். அவருக்கு மனச்சாட்சி இருந்ததற்கு அந்தப் பயத்தைவிட வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை.

என் கடைக்கு வருகிற சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். வெறும் வீட்டில் ஒட்டின அறிவித்தல் என்று காட்டித் தீர்ப்பை எதிர்த்து விண்ணப்பம் செய்து பார்க்கலாம் என்றார். அம்மாவிடம் சொன்னேன். “திறந்து? அந்தாளைத் திருப்பி வாங்கிறதோ? ஒரு காலோட?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கொப்பியை அலுமாரிக்குள், மடித்து அடுக்கியிருந்த சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சின்னம்மா பிறகும் வந்தார். வெறுங்கையோடு வரமாட்டார். புது அரிசி கொண்டுவருவார், மோர்மிளகாய் கொண்டுவருவார். பஸ்ஸில் இறங்கி வெயிலில் நடந்து வந்து, கதிரையின் நுனியில் இருந்து, குடையை மடியில் வைத்துக்கொள்வார். அம்மாவைப்போல உபசரிக்கிற ஒரு மனிசியை அந்த நாட்களில் பார்க்க ஏலாது. “இருங்கோ தங்கச்சி, களைச்சுப் போனீங்கள்” என்று தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். விசுக்கோத்து வைப்பார். அப்பாவின் வருத்தத்தை ஒவ்வொன்றாக விசாரிப்பார். கால் ஆறிவிட்டதா, கண் தெரிகிறதா, வைத்தியர்கள் எவ்வளவு காலம் சொல்கிறார்கள். இதில் கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்போது மட்டும் அம்மா கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து கேட்பார். எல்லாம் முடிய, “அந்தக் கொப்பி…” என்று சின்னம்மா இழுப்பார். “தேடிறன் தங்கச்சி. இந்தியாவில இருந்து வந்த சாமானுக்குள்ள எங்கையோ இருக்கு” என்பார் அம்மா. ஒரு தடவை சின்னம்மாவின் முன்னாலேயே அலுமாரியைத் திறந்து தேடினார். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னம்மாவின் கைகளில் அடுக்கினார். அந்த மனிசி கையை நீட்டி ஏந்திக்கொண்டு நின்றது. கடைசிச் சேலைக்கு முந்தின சேலையோடு அம்மா நிறுத்தி, “இதுக்குள்ளயும் இல்லை” என்று சொல்லி எல்லாவற்றையும் திருப்பி வாங்கி அடுக்கினார். என் கடையில் கொப்பி எடுக்க மெஷின் இருக்கிறது. ஆனால் முத்திரை குத்தின பிரதிதான் செல்லும். செல்லும் என்றாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன். அது என் தாயின் கடதாசி.

சின்னம்மாவை ஒரு புனிதையாக்கி நான் எழுதவில்லை. அவருக்கும் நாக்கு இருந்தது. இன்னொரு வரவில், பொறுமை கெட்டோ என்னவோ, “நீங்கள் ஆரோடையோ இந்தியாவுக்குப் போட்டீங்கள் எண்டுதானே அக்கா அவர் சொன்னவர். இல்லாட்டி நான் ஏன் இந்தக் கலியாணத்துக்குச் சம்மதிக்கிறன்?” என்று கேட்டுவிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளி, “சீனி காணுமோ?” என்றார். அந்த ஞாயிறு அம்மா விடியவே எழும்பி நல்ல சேலை உடுத்து, பஸ் எடுத்து நானாட்டானுக்குப் பூசைக்குப் போனார். மன்னாரில் கோயில் இல்லாமல் அல்ல. அங்கே போய் முன் வாங்கில் இருந்து, நன்மை நேரம் எழும்பி, வாங்கிக்கொண்டு நடுப்பாதையால் திரும்பாமல் ஓரத்தால் சுற்றிக் கடைசி வாங்கைக் கடந்து வந்தாராம். கையைக் குவித்துக்கொண்டு, ஆறுதலாக. அதன் பிறகு பல ஞாயிறு அப்படிப் போனார். “அங்கத்தைச் சுவாமி நல்லாப் பிரசங்கம் வைக்கிறார்” என்று என்னிடம் சொன்னார்.

நான் ஒருதரம் அப்பாவைப் பார்க்கப் போனேன். அம்மாவிடம் சொல்லாமல் போனேன். மெலிந்து, பாய்க்குள் ஒரு பக்கம் பள்ளமாய்க் கிடந்தார். சின்னம்மா குசினியில் இருந்தார். ஊர்க்கதை பேசப் போனவள் அல்ல நான், நேராகவே கேட்டேன். “அம்மா உங்களை விட்டிட்டுப் போனவ எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறீங்கள். போட்டில ஏத்தினது ஆர்?” அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். வெட்கப்படவில்லை. “வேற என்னத்தைச் சொல்லச் சொல்லிறாய்? நான்தான் ஏத்தினனான் எண்டு சொன்னாத் தந்திருப்பாங்களோ?” என்றார். விறகுக்கு விலை பேசுகிற மாதிரித்தான் சொன்னார். “உன்ர அம்மா நல்லவள். குறை சொல்ல ஒண்டுமில்லை. எட்ட இருக்கிறவளோட என்னெண்டு குடும்பம் நடத்திறது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவளிட்டச் சொல்லி அந்தக் கடதாசியைக் குடுக்கச் சொல்லு மகள். இவள் பாவம்” என்றார். இவள் பாவம். எங்களை அலையில் ஏற்றி அனுப்பின பிறகு முகாமின் தகரக் கொட்டிலில் என் தாய் ஒரு நாள் தவறாமல் தபால்காரனைப் பார்த்து நின்றதற்கு அவர் ஒரு நாளும் சொல்லாத சொல்லை எனக்கு முன்னால் மற்றவளுக்காகச் சொன்னார். “சொல்லிறன்” என்றுவிட்டு வந்தேன். சொல்லவில்லை.

மழைக்கு முன்னம் அவர் செத்துப்போனார். செய்தி வந்ததும் அம்மா குளித்து, கறுப்புக்கரைச் சேலை உடுத்தார். கைப்பைக்குள் கோயிலில் எடுத்த கலியாண அத்தாட்சிக் கடதாசியை வைத்தார். கோட்டுக் கொப்பியையும் வைத்தார். பஸ் எடுத்தோம். பெட்டியின் தலைமாட்டில் இருக்கிறது கட்டினவளின் இடம். அந்த இடத்துக்காக அங்கே ஒரு யுத்தம் நடக்கும் என்று எண்ணி, சொல்லவேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டு வாசலில் பறை இல்லை, சத்தம் இல்லை, யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் சின்னம்மா எழுந்தார். தான் இருந்த கதிரையைத் துடைத்து, தலைமாட்டில் இழுத்துப் போட்டு, “வாங்கோ அக்கா, இதில இருங்கோ” என்று சொல்லிவிட்டுக் கால்மாட்டுக்குப் போய்விட்டார். அம்மா இருந்தார். சண்டைக்கு வந்த மனிசிக்குச் சண்டை கிடைக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தவரை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை, அந்தக் கதிரையின் கைப்பிடியைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

கோயிலிலும் முன் வாங்கில் அம்மாவுக்கே இடம் விட்டார்கள். பூசை நடந்தது. நன்மை நேரம் வந்தது. சின்னம்மாவுக்கு இருந்த தடை கோயில் ஒப்பாத அந்தக் குடும்ப வாழ்க்கைதான், அப்பா செத்தவுடன் அதுவும் செத்துப்போயிற்று என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. அன்று காலையே அவர் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறார். ஆயர் இல்லம் தேவையில்லை, விசாரணை தேவையில்லை, எந்தக் கொப்பியும் தேவையில்லை. பின்னாலிருந்து அவர் எழுந்து நடுப்பாதையால் நடந்து வந்தபோது கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவருடைய பிள்ளைகள் வாய்விட்டு அழுதார்கள். தகப்பனுக்காக அழுத அழுகை அல்ல அது என்று எனக்குப் பட்டது. அவர் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டார். நான் அம்மாவின் முழங்கையைத் தொட்டு, “எழும்புங்கோவன்” என்றேன். அம்மா எழும்பவில்லை. முன் வாங்கில் இருந்தபடியே இருந்தார். பிறகு பஸ்ஸில் திரும்பும்போது, “அவவுக்குப் பின்னால வரிசையில நிண்டு வாங்க எனக்கென்ன தலைவிதியோ?” என்றார்.

சேமக்காலையில் மண் போட்டு முடிந்து சனம் கலையும்போது அம்மா கைப்பையைத் திறந்து அந்தக் கொப்பியை எடுத்தார். இனி அதால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் எடுத்தார். “இந்தாங்கோ தங்கச்சி. கிடைச்சிட்டுது” என்று நீட்டினார். சின்னம்மா இரண்டு கையாலும் வாங்கினார். பிரித்துப் பார்க்கவில்லை. “உங்களிட்ட இருக்கிறது எனக்குத் தெரியும் அக்கா. நான் கோட்டுக்குப் போய்க் கேட்டனான். எதிராளி வந்து எடுத்துக்கொண்டு போட்டா எண்டு சொன்னவை” என்றார். “எப்ப?” என்றார் அம்மா. “நீங்கள் அலுமாரி திறந்து காட்டினதுக்கு முதல்.” அந்தச் சேலைகளை ஏந்திக்கொண்டு நின்றபோதே தெரியும். “அப்ப ஏன் கேக்கேல்ல?” என்று நான்தான் கேட்டேன். “நீங்களா மனம் வந்து தருவீங்கள் எண்டு நினைச்சனான்” என்று என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். வேறு யாரும் என்றால் அந்த இடத்தில் அழுதிருப்பார்கள், இல்லையென்றால் கையையாவது பிடித்திருப்பார்கள். என் அம்மா சேலைக் கரையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். “தெரிஞ்சுகொண்டோ வந்தனீங்கள்? தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு தரம் வரச் சொல்லியிருப்பன்” என்றார். சின்னம்மா கொப்பியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளைகள் நின்ற பக்கம் போனார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஏன் வரவேண்டும்? நானாட்டானில் இப்போது மூன்றாம் வாங்கில் இருக்கிறாராம், ஞாயிறு தவறாமல் நன்மை வாங்குகிறாராம். கொஞ்சம் பூசினமாதிரி இருக்கிறார் என்று கடைக்கு வந்த ஒரு பெண் சொன்னாள். அம்மா நானாட்டான் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சுவாமியின் பிரசங்கம் முந்தினமாதிரி இல்லையாம். தாலி இன்னும் கழுத்தில் கிடக்கிறது. கோயிலின்படி விதவை, கோட்டின்படி அதுவும் இல்லை. என்னோடுதான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், வாய் அப்படியே.

சென்ற கிழமை நான் கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது வாசற்படியில் இருந்து பஸ் வருகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “நானாட்டான் வாறேல்லையே இப்ப” என்றார். அவர் அந்தப் பெயரைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. எனக்குத்தான் எங்கிருந்தோ கோபம் வந்தது. “அவ ஏனம்மா வரவேணும்? அவவுக்கு இனி உங்களிட்ட என்ன அலுவல்?” என்று வேண்டுமென்றே சத்தமாக, காது கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவருடைய முகம் சுருங்கியதைப் பார்க்க, சொல்லுவதற்கென்ன, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நான் அவருடைய மகள்தானே.

“அந்தக் கொப்பியை நான் குடுத்திருக்கக் கூடாது பிள்ளை” என்றார் அம்மா. “வைச்சிருந்தா இன்னும் வந்துகொண்டு இருந்திருப்பா.”